கொர்கோஷின் இரண்டு காதுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லேக் மார்க்கெட்டில் கோபுவின் கடை வாசலில் நிற்க இடம் கிடைக்காது. காப்பித்தூள், அப்பளம், வடகம் என்று கல்கத்தாத் தமிழர்களில் பாதிப் பேர் அங்கே வாங்க வருவார்கள். மீதிப் பேர் வாங்குகிறவர்களைப் பற்றிப் பேச வருவார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவள் எதுவும் வாங்கவில்லை. நாகலட்சுமி அக்கா வீடு எது என்று மட்டும் கேட்டாள். அவள் துப்பட்டாவின் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

கோபுவுக்கு அது போதும். கல்லாவை மனைவி அலமுவிடம் தள்ளினான். அவள் வாயைத் திறப்பதற்குள், வந்தவளைப் பின்சந்து வழியாக நாகலட்சுமி மாமியின் இரண்டாம் மாடி வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். வயது நாற்பத்திரண்டு ஆகியும், கொலை என்றால் அவனுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி.

நாகலட்சுமி மத்திய அரசின் தடயவியல் கூடத்தில் முப்பத்தோரு வருடம் ரத்தக் கறைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவள். யார் அழுதாலும் நடுவில் பேசமாட்டாள். வந்த பெண் நபீசா அழுது முடிக்கும்வரை தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நபீசாவின் புருஷன் முகமது ரபீக். காயல்பட்டினத்துக்காரன். டாலிகஞ்சில் பழைய எலெக்ட்ரானிக் சாமான்களைப் பழுது பார்ப்பவன். அங்கே ஓர் அறக்கட்டளை, குடிசைப் பிள்ளைகளுக்குக் குறைந்த விலை மடிக்கணினிகளைக் கொடுத்துப் பாடம் நடத்துகிறது. பொறுப்பாளர் ஜெயராமன். கெட்டுப்போன கணினிகளை எடுத்துப் போக நாலரைக்கு வரச் சொன்னார் என்று ரபீக் நேற்று அங்கே போனான். நாலு நாற்பதுக்குச் சட்டையெல்லாம் ரத்தமாக வெளியே ஓடி வந்தான். உள்ளே ஜெயராமன் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார்.

"அக்கா, இன்னிக்குச் சாயந்தரம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறாஹளாம். அதுக்குள்ள ஒத்துக்கச் சொல்லி அடிக்கிறாஹ. இது அவுஹ கை ரத்தம். கம்பி வழியா என் முக்காட்டைப் புடிச்சாஹ. ஒத்துக்கிடுறேன் நபீசான்னு சொல்றாஹ. செய்யாததை ஒத்துக்கிடுறேன்னு சொல்றாஹ அக்கா."

நாகலட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டாள். கோபுவும் கூடவே கிளம்பினான்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தபன் கர்மகார் அவளைத் தீதி, அக்கா, என்று அழைத்து நாற்காலி போட்டார். கோர்ட்டில் அவள் சொன்ன சாட்சிகளால் பதவி உயர்வு வாங்கியவர். ஆனாலும் இந்த வழக்கில் அவளுக்கு வேலையில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாம் கணினியே சொல்லிவிட்டது, பாருங்கள் என்று ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து அதை எடுத்து வைத்தார்.

பச்சையும் வெள்ளையுமாகப் பொம்மை மாதிரி இருந்தது. திரைக்கு இரண்டு பக்கமும் முயல் காது போல ஆன்டெனாக்கள் நிமிர்ந்து நின்றன. அதனால்தான் பிள்ளைகள் அதைக் கொர்கோஷ் என்கிறார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். வங்காள மொழியில் முயல். மூடியின் வெளிப்புறம் ரத்தம் சாரலாகத் தெறித்திருந்தது. காதுகளின் வெளிப்பக்கமும் புள்ளி புள்ளியாக இருந்தது. விசைப்பலகையில் அகலமான ஒரு தீற்றல்.

இந்தக் கணினியின் மென்பொருள், செய்கிற எதையும் தானாகவே ஒரு நாட்குறிப்பில் எழுதிவிடும். பிள்ளை படம் வரைந்தாலும் கணக்குப் போட்டாலும், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடித்தது என்று அதில் இருக்கும். கான்ஸ்டபிள் ஒருவன் வெள்ளை நிறப் பென் டிரைவ் ஒன்றைத் திரைக்குக் கீழே பக்கவாட்டில் இருந்த துளையில் செருகி, நாட்குறிப்பை அதில் ஏற்றிக்கொண்டு உருவினான். துடைக்காமல்கூட அப்படியே கோபுவின் கையில் கொடுத்தான். கோபு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நேற்றைய நாட்குறிப்பில் கடைசியாக ஒரு கடிதம். தொடங்கிய நேரம் மூன்று ஐம்பத்தெட்டு, முடிந்தது நாலு பதினாறு. ரபீக் கணினிப் பாகங்களைத் திருடி விற்கிறான், இன்று வருகிறான், நேருக்கு நேர் கேட்கப் போகிறேன் என்று ஜெயராமன் அறக்கட்டளைக்கு எழுதியிருந்தார். நாலு இருபதுக்கு ரபீக் உள்ளே போனதை எதிர் டீக்கடைக்காரி பார்த்திருக்கிறாள். ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பியால் பின்னந்தலையில் மூன்று அடி. மூன்றாவது அடியில் கம்பியே வளைந்திருக்கிறது. இனி என்ன வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

ரபீக்கைப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கண் மூடிப்போயிருந்தது. வலது கையை மடியில் யாருடைய கையையோ வைத்திருப்பது போல வைத்திருந்தான். அதில் மூன்று விரல்கள் போகக்கூடாத பக்கம் போயிருந்தன. கோபு அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். காலையிலிருந்து அவனுக்கு இருந்த உற்சாகம் அந்த இடத்தில் செத்தது.

உள்ளே போனபோது சார் தரையில் கிடந்தார் என்றான் ரபீக். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினான். எழுந்திருக்க முடியவில்லை. இருபது நிமிடம் அப்படியே இருந்துவிட்டு வெளியே ஓடினான். அவ்வளவுதான்.

"போன் பண்ணலையா?"

"சார்ஜ் இல்லக்கா. எழும்ப முடியல." அவன் எதையோ விழுங்குகிறான் என்று நாகலட்சுமிக்குத் தோன்றியது. ஆனால் அது பொய் இல்லை என்றும் தோன்றியது.

டாலிகஞ்சில் அறக்கட்டளை பாடம் நடத்துகிற மையம், சினிமா ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே ஷட்டர் வைத்த பழைய கிடங்கு. பின்வாசல் கிடையாது. உள்ளே சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஜெயராமன் உட்கார்ந்திருந்த மேஜையைச் சுற்றி, பிள்ளைகளின் தலை உயரத்துக்கு, ரத்தம் வரிவரியாகப் போயிருந்தது. கூரையில்கூட ஒரு வரி இருந்தது. கம்பியை ஓங்கும்போது சிதறியது என்றாள் நாகலட்சுமி. அடித்தவன் தயங்கவில்லை. மேஜையின் நடுவில் மட்டும் ஒரு சதுரம் ரத்தமே படாமல் கிடந்தது. அதை அவள் கைக்குட்டையால் அளந்துகொண்டாள். சுவரில் தொங்கிய கரும்பலகையில், "சனி 4.30, ரபீக்" என்று ஜெயராமன் கையால் எழுதியிருந்தது. யார் வந்தாலும் கண்ணில் படும்.

மையத்தின் ஆசிரியை சாதனா அங்கே இருந்தாள். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேச ஆரம்பித்துப் பாதியில் வங்காள மொழிக்குத் தாவிவிடுவாள். நேற்றுக் காலை ஜெயராமனோடு சண்டை போட்டதை அவளாகவே சொன்னாள். இந்தக் கணினியின் மென்பொருளுக்கு ஒளிவுமறைவு கிடையாது. யாரும் படிக்கலாம், திருத்தலாம். விசைப்பலகையில் பல்சக்கரம் போட்ட ஒரு விசை இருக்கிறது. அழுத்தினால் ஓடுகிற நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரி வரியாகத் தெரியும். ஜெயராமன் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதல் பாடமாக நடத்துவார். போன வாரம் ஒரு பெண்குழந்தை அப்படிப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, படம் வரைகிற நிரல் ஏன் சார் கேமராவைத் திறக்கிறது என்று கேட்டிருக்கிறது.

ஜெயராமன் தோண்டிப் பார்த்தார். புதிதாக யாரோ சில வரிகளைச் சொருகியிருந்தார்கள். பிள்ளைகள் வரையும்போது, எழுதும்போது, தூங்கி விழும்போது, கணினி அவர்கள் முகத்தைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்து, இணையம் கிடைத்ததும் வெளியே அனுப்பியது. முகங்களை வைத்து எந்திரங்களைப் பழக்குகிற ஏதோ ஒரு கம்பெனிக்கு என்று அவர் சந்தேகப்பட்டார். சாயந்தரம் எல்லோருக்கும் எழுதப் போகிறேன் என்றார். அதற்குள் எழுதினால் மையத்தையே மூடிவிடுவார்கள், பொறுங்கள் என்று சாதனா கத்தினாள். அவர் கேட்கவில்லை. அவள் இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டாள்.

"மென்பொருள் யார் பார்த்துக்கறா?" என்று நாகலட்சுமி கேட்டாள்.

ஸ்ரீநாத் என்றாள் சாதனா. கரியாஹாட்டில் வீடு. துறைமுக அதிகாரியின் மகன், கெட்டிக்காரன். மையத்துக்கு எப்போதாவதுதான் வருவான். தன் பெரிய கணினியையே கொர்கோஷ் போலப் பாவனை செய்ய வைத்து, அதில் எல்லாவற்றையும் எழுதிச் சோதித்து அனுப்பிவிடுவான். ஒருமுறை பிள்ளைகள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்து, வீட்டுப்பாடத்தை நேற்றே செய்ததாக நாட்குறிப்பைக் காட்டி ஏமாற்றினார்கள். உடனே ஸ்ரீநாத் நேரம் மாற்றுகிற வசதியையே எடுத்துவிட்டான். இப்போது கட்டளை எழுதத் தெரிந்தவர்களால் மட்டும்தான் முடியும். அவனாலும் ஜெயராமனாலும். பிள்ளைகள் ஒரு வாரம் அவனைத் திட்டித் தீர்த்தார்கள் என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எதிர் டீக்கடை மாலதி மாஷி, அந்தச் சந்துக்கே சித்தி, எல்லாவற்றையும் எண்ணி வைத்திருந்தாள். சாதனா இரண்டு மணிக்குப் போனாள். இரண்டரைக்கு ஜெயராமன் தானே வந்து டீ வாங்கிப் போனார். இரண்டு நாற்பதுக்கு ஸ்ரீநாத் வந்தான், மூன்றேகாலுக்குப் போனான். பிறகு நாலு இருபதுக்கு ரபீக். நடுவில் ஒரு பூனைகூட உள்ளே போகவில்லை. ஸ்ரீநாத்தைப் போலீஸ் ஏற்கெனவே விசாரித்துவிட்டது. மூன்றரையிலிருந்து ஆறு வரை கரியாஹாட்டில் நூறு பேர் முன்னால் மேடையில் இருந்திருக்கிறான். இலவச மென்பொருள் பற்றிக் கூட்டம்.

நாகலட்சுமி பிள்ளைகளின் கணினி ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். கோபுவின் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து ஒரே ஓர் உதவி கேட்டாள். அதை முடித்துக்கொண்டு எல்லோரையும் நாலு மணிக்கு மையத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றாள். பிணத்தை அறுத்த டாக்டரிடமும் பேசினாள்.

நாலு மணிக்கு, ரத்தம் காய்ந்த அந்த மேஜையைச் சுற்றிப் பிள்ளைகளின் குட்டி முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர், சாதனா, மாலதி மாஷி, நபீசா, ஸ்ரீநாத். ஸ்ரீநாத்துக்கு முப்பது வயது இருக்கும். தூக்கமில்லாத கண்கள். சாருக்கு இப்படி ஆயிடுச்சே ஆன்ட்டி என்று இரண்டு முறை சொன்னான்.

நாகலட்சுமி பிள்ளைகளின் கணினி ஒன்றை மூடி மேஜை நடுவில் அந்தச் சுத்தமான சதுரத்தில் வைத்தாள். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

"கோபு, அந்தப் பென் டிரைவை எடு. அதுல ரத்தம் இருக்கா?"

"இல்லையே மாமி. வெள்ளையாத்தான் இருக்கு."

"உன் சட்டைலயும் இல்லை. காலைலேர்ந்து அதைத்தான் யோசிச்சிண்டிருந்தேன். கூரைக்கே ரத்தம் போயிருக்கு. கணினி காதுல போயிருக்கு. காதுக்குக் கீழே இருக்கிற துளைல மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. ஏன்?"

அவள் மூடிய கணினியின் பக்கங்களைக் காட்டினாள். தூசியிலும் மழையிலும் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய கணினி இது. அதனால் இரண்டு காதுகளும் மடங்கும். மடங்கினால் அவையே பூட்டு. அவையே பக்கத்துத் துளைகளுக்கு மூடி. காதை நிமிர்த்தாமல் இதைத் திறக்க முடியாது. திறந்த கணினியில் துளைகள் வெளியே தெரிந்துகொண்டிருக்கும்.

"ஜெயராமன் அடிபட்டப்போ கணினி மூடிக் கிடந்தது," என்றாள். "அதனாலதான் மூடி மேலயும் காதோட வெளிப்பக்கத்துலயும் சாரல். துளைல இல்லை. விசைப்பலகைலயும் தெறிச்ச ரத்தம் இல்லை. அதுல இருக்கிறது கையால பூசினது. தெறிச்சா புள்ளியா இருக்கும், பூசினா தீற்றலா இருக்கும். ஆக, அடிச்சதுக்கப்புறம்தான் யாரோ இதைத் திறந்து அந்தக் கடிதத்தை எழுதியிருக்கா."

அதை ரபீக்கே செய்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் ஒப்புக்குக் கேட்டார்.

ரபீக் வந்தது நாலு இருபதுக்கு, கடிதம் தொடங்கியது மூன்று ஐம்பத்தெட்டுக்கு என்று அவள் நினைவுபடுத்தினாள். நாட்குறிப்பு உண்மை என்றால், ரபீக் வருவதற்கு முன்பே ஜெயராமன் அடிபட்டாயிற்று. நாட்குறிப்பு பொய் என்றால், தன்னைத் திருடன் என்று தானே எழுதிவைத்து, தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக்கொள்ள ரபீக்குக்குப் பைத்தியமா? எப்படிப் பார்த்தாலும் அவன் இல்லை. நபீசா முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஆனால் மூன்று ஐம்பத்தெட்டுக்கு உள்ளே யாருமே இல்லை. மாலதி மாஷியின் கண்ணுக்குத் தப்பி ஒருவரும் போகவில்லை. அப்படியானால் பொய் சொல்வது கடிகாரம். முன்னால் தள்ளி வைத்து, கடிதம் எழுதி, மறுபடி சரி செய்திருக்கிறார்கள். அது இங்கே இரண்டு பேரால்தான் முடியும். ஒருவர் மண்டை உடைந்து தரையில் கிடந்தார்.

ஸ்ரீநாத் மெதுவாகச் சிரித்தான். "ஆன்ட்டி, இது ஓப்பன் சோர்ஸ். கோடு எல்லாருக்கும் தெரியும். யார் வேணும்னாலும் படிச்சுக் கத்துண்டு பண்ணலாம். திஸ் இஸ் நாட் ப்ரூஃப்."

"வாஸ்தவம்தான். உனக்கு உள்ளே இருக்கிறது எல்லாம் தெரியும். வெளியே இருக்கிற பிளாஸ்டிக்தான் தெரியாது. இதைக் கைல பிடிச்சு எத்தனை தடவை திறந்திருப்பே? காதை நிமிர்த்தணும்னா நுனிக்கு உள்பக்கம் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பணும். மூடில விரல் பட்ட ஓரத்தை மட்டும் துடைச்சே, விசையைத் துடைச்சே. காதுக்கு உள்பக்கம் ஒண்ணு இருக்குன்னே உனக்குத் தோணலை. மத்தியானம் இன்ஸ்பெக்டரோட ஆள் பார்த்துட்டார். ஜெயராமன் ரத்தத்துல உன் கட்டைவிரல் ரேகை அங்கே இருக்கு."

நாகலட்சுமியின் குரல் அப்போதும் உயரவில்லை.

"டாக்டர் சொன்னார். அடிபட்டதுக்கப்புறமும் ஒரு மணி நேரத்துக்கு மேலே அவருக்கு உயிர் இருந்திருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருக்கலாம். நீ இந்த முக்காலில உக்காந்து கடிதம் டைப் பண்ணிண்டிருந்தப்போ, அவர் உன் காலடில மூச்சு விட்டுண்டிருந்தார் ஸ்ரீநாத்."

ஸ்ரீநாத் மேஜைமேல் இருந்த கணினியை எடுத்தான். இன்ஸ்பெக்டர் எழுவதற்குள் இரண்டு கையாலும் அதை ஓங்கி நாகலட்சுமியின் தலையைக் குறிவைத்து இறக்கினான். குறுக்கே பாய்ந்த கோபுவின் நெற்றியில் அது விழுந்தது. எலும்பில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கோபு விழுந்த பிறகும் ஸ்ரீநாத் இன்னொரு முறை ஓங்கினான். வெறும் முகம்தானே, பசங்களோட வெறும் போட்டோதானே, அதுக்காக என் பேரையே அழிக்கிறேன்னாரே என்று கத்திக்கொண்டே ஓங்கினான். சாதனா முக்காலியால் அவன் முழங்காலில் அடித்தாள். அவன் சரிந்ததும் வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். அப்போதும் அவன் கான்ஸ்டபிள் ஒருவரின் மணிக்கட்டைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டான். மாலதி மாஷி போட்ட சத்தத்தில் சந்தே திரண்டது. கோபுவின் கண்ணில் ரத்தம் வழிந்து அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கணினிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்று மாஜிஸ்திரேட் முன்னால் நின்றது ஸ்ரீநாத். ரபீக்கை விட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் தானே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார், ஏதோ சலுகை செய்வது போல. விரல்களை உடைத்தது யார் என்று பேர் போட்டு எழுதிக் கொடுக்காமல் இங்கிருந்து நகரமாட்டேன் என்று நாகலட்சுமி ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் அவர் அவளைத் தீதி என்று அழைக்கப் போவதில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

மறுநாள் காலை அவளும், நெற்றியில் ஆறு தையலோடு கோபுவும் ரபீக்கைப் பார்க்கப் போனார்கள். வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. மூன்று விரலும் பழையபடி மடங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாலிடரிங் கம்பி பிடித்துப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன சொல்ல வேண்டும்? நபீசா கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் அவள் எழுந்து நாகலட்சுமியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரபீக் நபீசாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னான்.

அவள் போனதும் அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, போலீஸுலயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. நான் போனப்ப சாருக்கு உசுரு இருந்துச்சு. தலையைத் தூக்கி மடியில வச்சேன். என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. வண்டி கூப்புட எழும்புனேன், விடல. விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுட்டுப் போயிருக்கலாம். போகல. பயந்துருவாரேன்னு போகல. இருபது நிமிசம் அப்படியே இருந்தேன். கை தளந்த பொறவுதான் ஓடுனேன்."

மூடாத கண்ணால் அவளை நேராகப் பார்த்தான்.

"நான் கையை உதறிட்டு உடனே ஓடி வண்டி கொண்டாந்திருந்தா, சார் பொழச்சிருப்பாரா?"

கோபு நாகலட்சுமியைப் பார்த்தான். டாக்டர் சொன்னதை நேற்று எல்லோர் முன்னாலும் அவள் வாயால் கேட்டவன் அவன். முப்பத்தோரு வருடம் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, தன் சொந்த இலாகாவுக்கு எதிராகக்கூட ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லாதவள் அவள்.

"மாட்டார்," என்றாள் நாகலட்சுமி. "முதல் அடியிலேயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. உன்னால ஆகக்கூடியது ஒண்ணுமே இல்லை. நீ கையைப் பிடிச்சிண்டிருந்தது ஒண்ணுதான் அவருக்குக் கிடைச்சுது."

ரபீக் கண்ணை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். நாகலட்சுமி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.